பிரெஞ்சு பேசப் பாரிஸ்தான் போக வேண்டுமா?

கேள்வி: மேடம், எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். பிளஸ் ஒன் படிக்கிறேன்; மொழிப்பாடம் பிரெஞ்சு. மார்க்குக்குக் குறைவில்லை. ஆனால் கைலாசநாதர் கோயிலில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஏதோ கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. கோடை லீவில் மூன்று வாரம் பிரான்ஸுக்கு அழைத்துப்போய்ப் பேசப் பழக்குவதாக ஓர் ஏஜென்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. அப்பா தறி நெய்கிறவர். கடன் வாங்கியாவது அனுப்புகிறேன் என்கிறார். போகலாமா? பாண்டிச்சேரியே போதுமா?

பதில்: இந்த வருஷம் கடன் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடு, அம்மா. பிரான்ஸ் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு நேரம் வரட்டும் என்கிறேன்.

முதலில் காலண்டரைப் பார். நமக்குக் கோடை லீவு ஏப்ரல் கடைசியும் மே மாதமும்; ஜூனில் பள்ளி திறந்துவிடும். பிரான்ஸில் பள்ளி லீவு ஜூலை, ஆகஸ்ட்டில்தான். பதின்ம வயதினருக்கான மொழி முகாம்கள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். மே மாதத்தில் அழைத்துப்போகிறோம் என்றால், அங்கே உன் வயதுப் பிள்ளைகள் யாரோடு உன்னைப் பழகவிடப் போகிறார்கள் என்று கேள். இங்கிருந்தே முப்பது பேரைக் கூட்டிப்போனால் பஸ்ஸில் தமிழ், சாப்பாட்டில் தமிழ், ராத்திரி அறையிலும் தமிழ். அதற்குப் பெயர் சுற்றுலா.

அடுத்தது உன் நிலை. நம் பள்ளிப் பரீட்சை பெரும்பாலும் எழுத்துத் தேர்வுதான். வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்தாலே மார்க் வந்துவிடும். பிரெஞ்சு அரசு தரும் டெல்ஃப் சான்றிதழ் அப்படியல்ல. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மார்க். மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். ஆனால் எந்த ஒன்றிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. வாய் திறக்காதவர் அங்கேயே நின்றுவிடுவார். அதன் முதல் நிலையான ஏ1 கூட முடிக்காமல் பிரான்ஸ் போனால், மூன்று வாரமும் பெயர் சொல்வதிலும் ரொட்டி வாங்குவதிலுமே கழிந்துவிடும். அதை இங்கேயே கற்கலாம். அடுத்த நிலையான ஏ2 முடித்தவருக்குத்தான் அந்த ஊரும் மனிதர்களும் ஆசிரியராக மாறுவார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் இந்தக் கோடைக்குப் பாண்டிச்சேரி. அங்கே பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1889-லிருந்து இருக்கிறது, சென்னையில் 1953-லிருந்து. ஏப்ரல், மே மாதங்களில் தினசரி வகுப்பு உண்டா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், சேருமுன் நிலைத்தேர்வு வைப்பார்களா என்று இரண்டு இடத்திலும் விசாரி. பாண்டிச்சேரித் தெருவில் பிரெஞ்சு தானாகக் காதில் விழும் என்று மட்டும் நம்பாதே. பெயர்ப்பலகையில் தெருவுக்கு 'ரூ' என்றிருக்கும், பேச்சு தமிழ்தான். ஆனால் பாண்டிச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1962-ல் உறுதியானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு வீட்டில் தங்கவோ, தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசவோ ஆசிரியர் மூலம் ஏற்பாடு செய்ய முடிந்தால், அந்த மணி நேரத்தைப் பெரிதாக மதி.

உன் ஊரிலேயே பேசப் பொருள் கொட்டிக் கிடக்கிறது. கைலாசநாதர் கோயிலின் பல்லவர் கால ஓவியங்களை 1931-ல் கண்டெடுத்தவர் பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ராய். அந்தச் சுவர் முன்னால் நின்று, எந்த ஓவியம், எங்கே இருக்கிறது, எப்படிக் கிடைத்தது என்று ஐந்து வாக்கியம் பிரெஞ்சில் சொல்லிப் பழகு. வீட்டுக்கு வந்தால் அப்பாவின் தறி. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். அதனால் மூன்று நாடா ஓடும், கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். இதைப் பிரெஞ்சில் விளக்கும் பெண்ணை அடுத்த முறை அந்தக் குடும்பம் நின்று கேட்கும்.

பிரான்ஸுக்குச் சரியான சமயம் பிளஸ் டூ முடித்த ஜூலை. பொறியியல் கலந்தாய்வுக்குப் போவதாக இருந்தால் மட்டும் தேதிகள் மோதும், பார்த்துக்கொள். பதினெட்டு நிரம்பாவிட்டால் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதம் வேண்டும். விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். பயிற்சி நிலையத்துக்குப் பிரெஞ்சு அரசின் 'குவாலிட்டே எஃப்.எல்.இ.' முத்திரை இருக்கிறதா பார். விடுதியைவிட உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவைப்பவர்களைத் தேர்ந்தெடு. ஒரே மொழி பேசும் பிள்ளைகளை ஒரே அறையில் போடுவார்களா என்றும் கேட்டுவிடு.

அந்த ஏஜென்சிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வை. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை அப்பா இந்த வாரமே எழுத்தில் வாங்கிவிடட்டும்.