மனசு சோர்ந்த தோழிக்கு நாம் துணை



கூமாப்பட்டியில் நம் குழுத் தோழி ஒருத்தி மூணு கூட்டமாக வரவில்லை, தூக்கமும் சாப்பாடும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "பேய் பிடிச்சிருக்கு" என்பார்கள் சிலர். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநல இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்படிக் கட்டிவைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது. கட்டுவது வைத்தியம் அல்ல.

துணை நிற்பவர் மனதில் வைக்க வேண்டியவை:

1. முதலில் காது கொடுங்கள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு மதினி, இப்ப தேறிட்டேன்" என்று மீண்டு வந்தவர் சொன்னால் தெம்பு வரும். ஆனால் நம் கதையையே பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

2. கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். தவணைப் பாக்கியை அப்போது பேசாதீர்கள்.

3. முடிவு அவருடையது. ஆஸ்பத்திரிக்கு இழுக்காமல், "கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல நாம் டாக்டர் அல்ல.

4. "சாகணும் போல இருக்கு" என்றால் ரகசியம் காக்க வேண்டாம். தனியே விடாமல், வீட்டாரிடம் சொல்லி, 14416-க்குப் போன் செய்யுங்கள். இது அரசின் இலவச மனநல உதவி எண்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் வராமல் நின்றவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்கு யார் போவது?