சந்தாதாரர் பட்டியலை எக்ஸெல்லில் வைப்பது எப்படி?

காரிமங்கலத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நண்பர்களுடன் சேர்ந்து சிறிய மாத இதழ் ஒன்றை நடத்துகிறாராம். மாதம் 300 பிரதி. இதில் 200 சந்தாதாரர்களுக்குத் தபாலில் போகிறது. மீதி 100 தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளுக்கு. கடைக்குப் போனதில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. "இதழை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. டைப் அடிப்பதற்கு மட்டும்தான் பயன்படுகிறது. இந்தப் பிரச்னைக்கு அது உதவுமா?" என்பது அவர் கேள்வி.

உதவும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது திரும்பி வந்த பிரதிகளை அல்ல. அந்த 200 பேரை. அவர்களில் இரண்டாவது முறை பணம் கட்டியவர் எத்தனை பேர்? மூன்றாவது முறை? நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதி, வராதவரை அடித்துவிட்டுப் போகும் வழக்கத்தில் இதற்குப் பதில் கிடைக்காது.

தமிழில் சந்தாதாரரை மட்டும் நம்பி இறங்கிய இதழ்களில் பெரிய உதாரணம் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்து வந்தது. 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிட மாட்டேன், கடைகளில் விற்க மாட்டேன் என்று தொடங்கும்போதே சொல்லிவிட்டார். 2,000-ஐ அது நெருங்கவே இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளைப் படித்துவிட்டுத் தாங்களும் எழுதி அனுப்பிய இளைஞர்களால்தான் தமிழில் புதுக்கவிதை ஓர் இயக்கமாக நின்றது. திருகோணமலையில் இருந்து எழுதிய பிரமிள் அவர்களில் ஒருவர். வெங்கட் சாமிநாதன் விமர்சனம் எழுதத் தொடங்கியதும் அதில்தான். இந்தக் கணக்கு எந்த விற்பனை ரசீதிலும் வராது. அதே சமயம் பணத்துக்குச் செல்லப்பா பட்ட பாடும் உண்மை. புத்தக மூட்டையுடன் கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். நல்ல வாசகர்கள் இருந்தால் போதும், பணம் தானாக வரும் என்று நினைத்துவிட வேண்டாம்.

(உங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவா, சிறையில் இருந்து வந்ததும் 1913-ல் தொடங்கியது 'ஞானபாநு' என்ற மாத இதழ். பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள்.)

இனி கணக்கு. கீழே உள்ளவை உதாரணத்துக்கான எண்கள். உங்கள் எண்களைப் போட்டுக் கொள்ளுங்கள். இதழ் விலை 20 ரூபாய், ஆண்டுச் சந்தா 240 ரூபாய், அச்சுச் செலவு பிரதிக்கு 12, தபாலும் உறையும் 5 என்று வைப்போம். சந்தாதாரர் ஒருவரிடம் மாதம் 3 ரூபாய் மிஞ்சும். 200 பேருக்கு 600 ரூபாய். கடையில் 45 பிரதி விற்று, 30 சதவீதம் கமிஷன் போனால் கைக்கு வருவது 630. அந்த 100 பிரதியின் அச்சுச் செலவோ 1,200. ஆக 570 ரூபாய் நஷ்டம். சந்தாதாரர் தந்த 600 ரூபாய் அங்கே போய்விடுகிறது.

அப்படியானால் கடையை விட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். ஆப்செட் அச்சில் தட்டுச் செலவு 200 பிரதிக்கும் 300 பிரதிக்கும் ஒன்றுதான். குறைவது காகிதமும் ஓட்டமும் மட்டுமே. 100 பிரதி குறைத்தால் 700 ரூபாய்தான் மிச்சமாகும் என்று அச்சகத்தில் சொன்னால், 630 வரவை இழந்து 700 மிச்சம் பிடித்திருப்பீர்கள். லாபம் 70 ரூபாய். அதற்காகக் கடையை மூட வேண்டியதில்லை. கடையில் வாங்கியவர்களில் எத்தனை பேர் பிறகு சந்தாதாரர் ஆனார்கள் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஆண்டுதோறும் 100-க்கு 90 பேர் சந்தாவைப் புதுப்பித்தால், ஒரு சந்தாதாரர் சராசரியாகப் பத்து ஆண்டு உங்களுடன் இருப்பார். மொத்தம் 2,400 ரூபாய் தருவார். 60 பேர் மட்டும் புதுப்பித்தால் சராசரி இரண்டரை ஆண்டுதான், 600 ரூபாய். புதியவர் யாருமே சேராவிட்டாலும், 200 பேரில் ஐந்து ஆண்டு கழித்து முதல் வகையில் 118 பேர் இருப்பார்கள். இரண்டாவது வகையில் 16 பேர். 2008-ல் அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி, ஒரு கலைஞர் பிழைக்க லட்சம் பேர் தேவையில்லை, எதை வெளியிட்டாலும் வாங்கும் உண்மையான ரசிகர்கள் ஆயிரம் பேர் போதும் என்று எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவர் கணக்கு ஒருவரிடம் ஆண்டுக்கு 100 டாலர். நம் கணக்கு 240 ரூபாய் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது எக்ஸெல்லைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் எட்டுத் தலைப்புகள்: எண், பெயர், முகவரி, பின்கோடு, முதல் சந்தா தேதி, சந்தா முடியும் தேதி, எத்தனை முறை புதுப்பித்தார், எப்படி வந்தார். கடைசித் தலைப்பின் கீழ் 'கடை', 'நண்பர்', 'விழா' என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். சந்தாவை நிறுத்தியவரை அழிக்காதீர்கள். அவரை அழித்தால் கணக்கே போய்விடும்.

தேதியை 5.3.2024 என்று புள்ளி வைத்து அடித்தால் பல கம்ப்யூட்டர்களில் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக் கொள்ளும். 5-3-2024 என்று அடியுங்கள். செல்லின் வலது ஓரமாக ஒட்டி நின்றால் தேதியாக ஏற்றுக் கொண்டது என்று பொருள். பெயர், முகவரியை யுனிகோட் முறையில் டைப் செய்யுங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழ் தெரியும். தேடும்போதும் வரிசைப்படுத்தும்போதும் காலை வாரிவிடும்.

எல்லாம் ஏற்றிய பின் டேட்டா டேப்பில் பில்டர் என்பதில் கிளிக் செய்யுங்கள். தலைப்புகளில் சிறிய அம்புக்குறிகள் வரும். முதல் சந்தா தேதியில் உள்ள அம்பை அழுத்தி, டேட் பில்டர்ஸ், பிபோர் என்று போய், சரியாக ஓராண்டுக்கு முந்தைய தேதியைக் கொடுங்கள். இப்போது திரையில் இருப்பவர்கள் புதுப்பிக்கும் வாய்ப்பு வந்தவர்கள் மட்டும். போன மாதம் சேர்ந்தவரையும் சேர்த்து எண்ணினால் கணக்கு தப்பாகும். எத்தனை பேர் என்பது கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும், குறித்துக் கொள்ளுங்கள். அடுத்து 'எத்தனை முறை புதுப்பித்தார்' அம்பில் நம்பர் பில்டர்ஸ் சென்று, 1 அல்லது அதற்கு மேல் என்று கொடுங்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஒருமுறையாவது புதுப்பித்தவர்களின் சதவீதம். 'எப்படி வந்தார்' அம்பில் 'கடை' என்பதை மட்டும் டிக் செய்தால், கடை பற்றிய கேள்விக்கும் விடை வந்துவிடும். 'சந்தா முடியும் தேதி'யில் அடுத்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கு நினைவூட்டுக் கடிதம் போட வேண்டும் என்ற பட்டியல் தயார். பல சந்தாக்கள் கோபத்தில் நிற்பதில்லை, மறதியில் நிற்கின்றன.

பின்கோடுக்குத் தனி இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தையும் குறிக்கும். தர்மபுரி 636701. அதே மாவட்டத்துக் காரிமங்கலமோ 635111. கிருஷ்ணகிரியின் 635001 உள்ள வரிசை. ஆகவே மாவட்டப் பெயரை வைத்துப் பிரிக்காமல், டேட்டா டேப்பில் ஸார்ட் கிளிக் செய்து பின்கோடு வாரியாக அடுக்குங்கள். இதழ்க் கட்டுகள் கட்டுவது எளிதாகும்.

முகவரிச் சீட்டுக்கு வேர்டைத் திறந்து, மெயிலிங்ஸ் டேப்பில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், லேபிள்ஸ் என்று செல்லுங்கள். செலக்ட் ரெசிபியன்ட்ஸ் மூலம் உங்கள் எக்ஸெல் பைலைக் காட்டுங்கள். முதல் கட்டத்தில் பெயர், முகவரி, பின்கோடு ஆகியவற்றை இன்சர்ட் மெர்ஜ் பீல்டு வழியாகச் செருகி, அப்டேட் லேபிள்ஸ் அழுத்தினால் எல்லாக் கட்டங்களுக்கும் அது பரவும். கடைசியாக பினிஷ் அண்ட் மெர்ஜ். ஒட்டும் தாள் விலை அதிகம் என்பதால் முதல் பக்கத்தைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, ஒட்டும் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து கட்டத்தைத் தாண்டினால் லேபிள் ஆப்ஷன்ஸில் மார்ஜினை ஓரிரு மில்லிமீட்டர் மாற்றி மீண்டும் பாருங்கள்.