தக்காளி சூப்பில் பால் ஏன் திரைகிறது?

கேள்வி: பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பத்து நிமிடத்தில் தக்காளி சூப் வைத்துக் கொடுப்பேன். கடைசியில் கரைத்த பால்மாவை ஊற்றினால் சில நாள் நன்றாக வரும், சில நாள் திரைந்து மணல் மணலாகிவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால்தான் என்கிறார் மாமி. உண்மையா? திரைந்ததைக் கொட்டத்தான் வேண்டுமா?
- வாசகி, பேசாலை

பதில்: மாமி தண்ணீரைச் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. மன்னார்த் தீவு மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். கோடையில் அந்தப் படை மெலிந்தால் தண்ணீர் உவர்க்கும். ஆனால் அதே தண்ணீரில், அதே பால்மாவில்தானே காலையில் தேத்தண்ணி போட்டீர்கள்? அது திரையவில்லையே. குடிக்கக்கூடிய அளவு உவர் பாலைத் திரைக்காது. பால்மா பழசோ என்று சந்தேகம் எழுந்தால், அதற்கும் இதுவே பதில்.

காரணம் தக்காளியின் புளிப்பு. பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கும். புளிப்பு சேரச் சேர அந்த மின்னூட்டம் குறையும். புளிப்பை அளக்கும் பிஎச் என்ற அளவுகோலில் எண் குறைந்தால் புளிப்பு கூடுதல் என்று பொருள். பாலின் பிஎச் ஏறத்தாழ 6.7. அது 4.6க்கு இறங்கினால் தள்ளும் விசை அற்றுப்போய், உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகும். தயிர் உறைவதும் இப்படித்தான். தக்காளி பெரும்பாலும் 4.3க்கும் 4.6க்கும் இடையில் நிற்கிறது. சூடும் சேர்ந்துவிட்டால் 4.6 வரை இறங்கவும் தேவையில்லை, அதற்கு முன்பே திரையும்.

சில நாள் மட்டும் ஏன் என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த இடம். நன்றாகப் பழுத்த தக்காளியில் புளிப்பு குறைவு. தம்புள்ளையிலிருந்து லொறியில் வருவதற்காக அரைப்பழமாகப் பறித்தது கிடைத்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும். கொதிக்கும் சட்டியில் பாலை ஊற்றிய நாளா, இறக்கி ஆறவிட்டு ஊற்றிய நாளா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இதற்கான பாடம் உங்கள் சொதிச் சட்டியிலேயே இருக்கிறது. சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதானே தேசிக்காய் விடுகிறீர்கள்? கொதியும் புளியும் ஒன்றாகச் சேரக்கூடாது என்பது நம் வீடுகளுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

அரைக் கிலோ பழத்தை வெங்காயம், உள்ளி, மிளகுடன் வேகவைத்து, அரைத்து வடித்து, அடுப்பை அணைத்துவிடுங்கள். வேறு சட்டியில் பாலில் ஒரு தேக்கரண்டி கோதுமை மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சுங்கள். மா தடித்து, புரத உருண்டைகள் எளிதில் ஒட்டாதபடி இடையில் நிற்கும். பிறகு பாலைத் தக்காளிக்குள் ஊற்றாமல், தக்காளியைப் பாலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துழாவுங்கள். மறுபடி கொதிக்கவிடாதீர்கள்.

பழம் மிகவும் புளித்தால், பாலில் சேர்க்கும் முன் தக்காளியில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம். அது புளிப்போடு சேர்ந்து கரியமில வாயுவாக நுரைத்து எழும், புளிப்பு தணியும். 1896இல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் அமெரிக்கச் சமையல் புத்தகத்திலேயே தக்காளி சூப்புக்குச் சோடா சொல்லப்பட்டிருக்கிறது. கூடினால் சவர்க்கார ருசி வந்துவிடும், கவனம்.

பால்மாவுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் விடலாம். தேங்காய்ப்பாலில் கேசீன் இல்லை. ஆனால் அதிலும் வேறு புரதங்கள்தான் எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் பிடித்துவைத்திருக்கின்றன. தளதளவென்று கொதித்தால் அவை இறுகி எண்ணெயைக் கைவிட்டுவிடும். கறியில் எண்ணெய் மிதந்தால் அழகு, சூப்பில் அப்படியில்லை. ஆகவே முதற்பாலை இறக்குகிற நேரத்தில் மட்டும் விடுங்கள். என்னைக் கேட்டால் பால்மாவைவிட இதுதான் தக்காளிக்குப் பொருத்தம்.

திரைந்த சூப்பைக் கொட்டவே வேண்டாம். பால் கெட்டுப்போகவில்லை, புரதம் கட்டிப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆறவிட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் கட்டி உடைந்துவிடும். முன்போல வழுவழுப்பாக வராது, ஆனால் பிள்ளைகள் பாண் தோய்த்துச் சாப்பிடத் தாராளமாகப் போதும்.