விறகுக் குவியலில் ஒரு விற்பனைச் சரக்கு

எங்கள் ராகலைப் பகுதித் தோட்டங்களில் மீள்நடுகைக்காகப் பழைய தேயிலை மலைகளைப் பிடுங்கும்போது செடிகளை வேரோடு குவித்து வைப்பார்கள். அவற்றில் பெரும்பகுதி லயத்து அடுப்புக்கும் பேக்கரிப் போறணைக்கும் விறகாகப் போய்விடும். இரும்புச் சாமான் கடை நடத்தும் நானும் பல வருடங்களாக அதை விறகாகத்தான் பார்த்தேன்.

ஒருமுறை கண்டியில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் நின்றிருந்தபோது, தொட்டிக்குள் வைக்கும் வளைந்த மரத்துண்டு ஒன்றின் விலையைக் கேட்டேன். ஒரு கட்டு விறகின் விலையைவிடப் பல மடங்கு சொன்னார்கள். மலேசியாவிலிருந்தும், மொப்பானி என்ற பெயரில் தென்னாபிரிக்க நாடுகளிலிருந்தும் இத்தகைய மரங்கள் உலகச் சந்தைக்கு வருகின்றன. நம் வீட்டு வாசலில் கிடப்பது எந்த வகையில் குறைவு? தேயிலை வைரமான மரம். சில வருடங்களுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுவதால் அடித்தண்டு முறுக்கேறி முடிச்சு முடிச்சாக வளர்ந்திருக்கும். வீ.பி. கன்றுகள் வருவதற்கு முன் நட்ட பழைய விதைத் தேயிலையில் இந்த அழகு இன்னும் அதிகம்.

உடனே 20 வேர்களைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, அந்தக் கடைக்காரருக்கே அனுப்பினேன். ஒரு வாரத்தில் தொலைபேசி வந்தது. “நானா, தண்ணியெல்லாம் பிளேன்டீ மாதிரி ஆகிட்டு. கட்டை மிதக்குது. தொட்டியில விட்ட றாலும் செத்துட்டு” என்றார்.

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் “றால் ஏன் செத்தது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தச் செடி எந்த மலையிலிருந்து வந்தது, அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. சரக்கின் பிறப்பை அறியாமல் விற்றது என் குற்றம். அதன்பின் கேட்டும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டதை வியாபாரச் சகோதரர்களுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலாவது, தெரிவு. 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. அதைக் கட்டுப்படுத்தச் செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்தார்கள். மீன் ஓரளவு தாங்கும் செம்பை இறாலும் நத்தையும் தாங்குவதில்லை. எனவே தோட்டத்தில் விசாரித்து, அண்மையில் மருந்தோ களைநாசினியோ அடித்த மலையின் வேரைத் தவிர்த்துவிடுங்கள். தோட்ட அலுவலகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு வேரும் எடுக்க வேண்டாம். ஹக்கலை போன்ற ஒதுக்குக் காடுகளில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தொடவே கூடாது.

இரண்டாவது, உரித்தல். மருந்தும் பாசியும் பெரும்பாலும் பட்டையில்தான் தங்கும். பட்டையை முழுவதும் உரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, இடுக்கிலுள்ள மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். நகத்தால் அழுத்தும்போது உள்ளே போகும் பகுதியை வெட்டி விடுங்கள். பின்பு நிழலில் இரண்டு மாதமாவது காயட்டும். பச்சை மரம் தொட்டிக்குள் அழுகி நீரைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, அவித்தல். இரண்டு மணித்தியாலம் கொதிக்கவிட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் அவிக்க வேண்டும். நுவரெலியா போல 6,000 அடி உயரமுள்ள இடத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே கீழ்நாட்டாரைவிட நாம் கூடுதல் நேரம் வைப்பது நல்லது. மருந்தோ எண்ணெயோ இருந்த பீப்பாய் இதற்கு உதவாது. சவர்க்காரம், வார்னிஷ், பெயின்ட் எதுவும் மரத்தில் படக்கூடாது.

நான்காவது, ஊறவைத்தல். சுத்தமான பிளாஸ்டிக் பீப்பாயில் மரத்தின் மேல் கல் வைத்து அமிழ்த்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். புதுத் தண்ணீர் மாற்றிய மறுநாள் ஒரு வெள்ளைக் கோப்பையில் எடுத்துப் பாருங்கள். நிறம் ஏறியிருந்தால் இன்னும் ஊற வேண்டும். அதன் பிறகும் மிதக்கும் மரத்தைத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியால் ஒரு கற்பலகையில் பூட்டலாம். சாதாரண ஆணி துருவேறும்.

ஐந்தாவது, சோதனை. என் கடைப் பின்புறத்தில் ஒரு சிறு தொட்டியில் சில கப்பி மீன்களும் இறால்களும் வளர்க்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு துண்டு அங்கே இரண்டு வாரம் இருந்த பிறகுதான் மற்றவை விற்பனைக்குப் போகும்.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. முதல் சில வாரங்களில் மரத்தின் மேல் வெள்ளையாக வழுவழுப்பான படலம் வரலாம். அது பொதுவாகத் தீங்கற்றது, தூரிகையால் தேய்த்தால் போகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் மரத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் சற்று மஞ்சளாகி, இலேசாக அமிலத்தன்மை அடையலாம். நிழலோடைகளில் வாழும் நம் நாட்டுப் புலத் ஹபயா போன்ற மீன்களுக்கு இது ஒத்துவரும். கடின நீரை விரும்பும் கப்பி வளர்ப்பவர் சிறு துண்டு வாங்கினால் போதும். இவற்றையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மரத்தோடு கட்டி அனுப்புகிறேன். குறையை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பிறகு தொலைபேசிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இனிக் கணக்கு. 10 வேர் எடுத்தால் வெட்டும்போதே மூன்று கழிந்துவிடும், அவிக்கும்போது ஒன்று வெடிக்கும். மிஞ்சும் ஆறின் விலையில்தான் பத்து வேரின் கூலி, லொறிச் செலவு, அவிக்கும் விறகு எல்லாம் அடங்க வேண்டும். போட்ட காசு மூன்று மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடக்கும். எனவே கடன் வாங்கி இதைத் தொடங்க வேண்டாம். இருக்கிற கடையின் ஓய்வு நேரத்தில் ஐந்தாறு வேரோடு தொடங்குங்கள்.

இரண்டாம் முறை அதே கடைக்காரருக்கு ஆறு துண்டு மட்டும் அனுப்பினேன். எந்தத் தோட்டம், எந்த மாதம் பிடுங்கியது, எத்தனை நாள் ஊறியது என்று எழுதியிருந்தேன். ஒரு மாதமாக ஒரு தகவலும் இல்லை. மனம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பேசினார்: “நானா, அடுத்த தடவை பன்னிரண்டு அனுப்புங்க. அந்தத் துண்டுக் காகிதத்தையும் மறக்காமக் கட்டுங்க.”

அவர் மரத்தைக் கேட்டதைவிடக் காகிதத்தைக் கேட்டதுதான் எனக்கு மகிழ்ச்சி. அந்தப் பன்னிரண்டும் இப்போது பீப்பாயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக் கோப்பையில் நிறம் தெரியாத நாளில், இன்ஷா அல்லாஹ், கண்டி பஸ்ஸில் ஏற்றுவேன்.