காலையில் காலியாகக் கிடக்கும் ஃபோல்டர்

கேள்வி: எங்கள் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் உபுண்டு இருக்கிறது. படங்கள் எல்லாம் நாஸ் பெட்டியில். அந்த டிரைவை எஃப்எஸ்டேப் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் காலையில் ஆன் செய்தால் ஃபோல்டர் காலி. டெர்மினலில் ‘சூடோ மவுன்ட் -ஏ’ கொடுத்தால் உடனே வந்துவிடுகிறது. வைஃபை இணைப்புதான். ‘_நெட்தேவ்’ சேர்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ‘மவுன்ட் -ஏ’ கொடுத்ததும் வருகிறது என்றால் நாஸ் முகவரி, பாஸ்வேர்டு, எஃப்எஸ்டேப்பில் எழுதிய வரி எல்லாமே சரி. கோளாறு நேரத்தில்தான். நெட்வொர்க் முழுதாக வருவதற்குள் சிஸ்டம்டி மவுன்ட் செய்யப் பார்த்துத் தோற்கிறது. தோற்றபின் தானாக மறுபடி முயல்வதில்லை. சிஃப்ஸ், என்எஃப்எஸ் இரண்டும் நெட்வொர்க் வகை என்பது சிஸ்டம்டிக்கு முன்பே தெரியும். அதனால்தான் ‘_நெட்தேவ்’ புதிதாக எதையும் மாற்றவில்லை.

வைஃபை பாஸ்வேர்டு உங்கள் பயனர் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், நீங்கள் லாகின் செய்த பிறகுதான் இணைப்பே கிடைக்கும். மவுன்ட் முயற்சியோ அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பைத் திறந்து, மற்ற பயனர்களுக்கும் பொதுவாக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். கேபிள் இழுக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பூட் ஆகும்போது முப்பது விநாடி காத்திருக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மெதுவாக எழும் நாளில் அதுவும் கைவிடும். பூட்டிலேயே மவுன்ட் ஆகவேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எஃப்எஸ்டேப் வரியின் ஆப்ஷன் பகுதியில் ‘நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்’ என்று இடைவெளி விடாமல் சேர்த்தால், யாராவது ஃபோல்டரைத் திறக்கும் நொடியில்தான் டிரைவ் இணையும். நாஸ் அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டர் பூட் ஆவது தடைபடாது. சேர்த்ததும் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நாஸுக்கு ரவுட்டரிலேயே நிலையான ஐபி முகவரி ஒதுக்கி, எஃப்எஸ்டேப்பில் பெயருக்குப் பதில் அதையே எழுதுங்கள்.

ஆனால், இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தது இதுதான். டிரைவ் வராத காலைகளில் யாராவது அந்தக் காலி ஃபோல்டரில் படங்களைச் சேமித்திருந்தால், அவை நாஸுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில் விழுந்திருக்கின்றன. பிறகு டிரைவ் மவுன்ட் ஆனதும் அதன் அடியில் மறைந்துவிடும். அழியவில்லை, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. பேக்கப்பும் அந்த ஃபோல்டருக்கே போகிறதென்றால் அதையும் சந்தேகப்படுங்கள். ‘சூடோ யூமவுன்ட்’ கொடுத்து டிரைவைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். கோப்புகள் கிடந்தால் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். ஃபோல்டர் காலியானதும், டிரைவைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே, அந்தக் காலி ஃபோல்டர்மேல் ‘சூடோ சேட்டர் +ஐ’ போட்டுவிடுங்கள். இனி டிரைவ் இல்லாத நேரத்தில் யார் சேமிக்க முயன்றாலும் பிழைச் செய்தி வரும்.