நிறுத்தினால் திரும்புமா?

"ஒரு பக்க மோட்டரை நிறுத்திவிட்டால் தாங்கி தானாகவே அந்தப் பக்கம் திரும்பும்." பாடசாலைக் கண்காட்சிக்கு ரிமோட் தாங்கி செய்கிற பிள்ளைகள் எல்லாரிடமும் இதே பதில்தான். யார் சொன்னது என்றால் காக்கா சொன்னாராம், இல்லாவிட்டால் வீடியோவில் பார்த்ததாம். திரும்பாவிட்டால் அடுத்த வைத்தியமும் தயார்: "மோட்டர் வீக், பெரிசாப் போடு." வயல் செய்கிற குறிஞ்சாக்கேணி வீட்டுப் பிள்ளைகளே இப்படிச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் லேன்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், நிற்கிறதே! அதன் கைப்பிடிகளில் பக்கத்துக்கொரு கிளட்ச் லீவர். இடதை அழுத்தினால் இடது சில்லுக்கு இன்ஜின் விசை போகாது. வலது சில்லு தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் சரி. அதே வண்டியைக் குளக்கட்டிலிருந்து இறக்கும்போது இடது லீவரை அழுத்தினால் என்ன நடக்கும்? செய்து பார்க்க வேண்டாம், வாப்பாவிடம் கேளுங்கள். இறக்கத்தில் இன்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியிலிருந்து விடுபட்ட இடது சில்லு முந்தி உருள, வண்டி வலப்பக்கம் வெட்டும். விசையை அறுப்பது வேறு, சில்லை நிறுத்துவது வேறு.

நீங்கள் எல்லாரும் வாங்குகிற எல்298என் மோட்டர் டிரைவரிலும் இந்த இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஈஎன்ஏ முனைக்கு 0 கொடுத்தால் மோட்டர் அவிழ்த்துவிட்ட மாதிரி; வண்டியின் வேகத்தில் அது பாட்டுக்கு உருளும். ஈஎன்ஏ உயர்வில் இருக்க, உள்ளீடுகள் இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தால்தான் மோட்டரின் முனைகள் குறுக்கே இணைந்து, அது பிரேக் பிடிக்கும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்தால் தாங்கி அகலமாக வளைந்துபோய் மேசைக் காலில்தான் முட்டும். நிஜத் தாங்கியிலும் இதே கதைதான். 1916இல் களமிறங்கிய பிரித்தானிய மார்க் 1 தாங்கியில் எட்டுப் பேரில் நாலு பேர் ஓட்டுவதற்கே வேண்டியிருந்தது. ஒரு பக்கக் கியரை நியூட்ரலுக்கு எடுத்தால் மட்டும் அது திரும்பவில்லை. அந்தப் பக்கப் பட்டிக்குப் பிரேக்கும் பிடிக்க வேண்டியிருந்தது. அது கொமாண்டரின் வேலை.

இனி அந்தப் பெரிய மோட்டர். தாங்கி திரும்பும்போது பட்டி தரையில் பக்கவாட்டாக அரைபட வேண்டும். நேரே ஓடுவதைவிட இதற்குப் பல மடங்கு விசை தேவை. பட்டி தரையில் படும் நீளம், இரண்டு பட்டிகளுக்கும் இடையிலான அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பாடு இன்னும் கூடும். அழகுக்காக ஒடுக்கமாகவும் நீளமாகவும் செய்துவிட்டு மோட்டரைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? அதோடு, எல்298 ஒரு அம்பியர் மின்னோட்டத்திலேயே 1.8 முதல் 3.2 வோல்ட் வரை தானே விழுங்கிவிடும். 7.4 வோல்ட் பற்றரி போட்டவனுக்கு மோட்டரில் ஐந்து வோல்ட் மிஞ்சினால் அதிர்ஷ்டம். பெரிய மோட்டர் போட்டால் மின்னோட்டம் கூடும், விழுங்குவதும் கூடும், கறுப்பு வெப்பத்தகட்டில் விரல் வைக்க முடியாது. சின்ன மோட்டருக்கு மொஸ்ஃபெட் டிரைவர் ஒன்று, டிபி6612 போல, போதும். அகலத்தையும் கூட்டுங்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 9 வோல்ட் சதுரப் பற்றரி வலுவானதாம்: அதன் உள்தடை அதிகம், மோட்டர் கேட்கும் மின்னோட்டத்தைத் தராது. ஒரே பெட்டியில் வந்த மோட்டர்கள் ஒரே வேகத்தில் ஓடுமாம்: ஓடாது, புரோகிராமில்தான் சரிசெய்ய வேண்டும். முழு வேகத்தில் திரும்பாதது ரிமோட்டின் கோளாறாம்: புரோகிராமில் உச்ச அளவான 255இல் ஓடுகிற மோட்டருக்கு மேலே கூட்ட என்ன இருக்கிறது? மறுபக்கத்தைக் குறையுங்கள். தாங்கி உதறுவது "சிக்னல் இல்லாததால்" என்பவர்கள் மோட்டர் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபரட் செரமிக் கொள்ளளவி ஒன்றை ஈயம் வைத்துப் பிடித்துவிட்டுப் பேசட்டும்.

ஆசிரியர்மாருக்கும் ஒன்று. உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை வந்தது 2013இல். இன்னும் பிள்ளைகள் கியர் பெட்டியைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். அடுத்த ரோபோ கிட்டுக்கு ஒதுக்குகிற காசில் கராஜில் கிடக்கும் பழைய லேன்ட்மாஸ்டர் கியர் பெட்டி ஒன்றை வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, ஆய்வுகூட மேசையில் திறந்து வையுங்கள். லீவரை அழுத்தும்போது உள்ளே கிளட்ச் பற்கள் விலகுவதை அவர்களே பார்க்கட்டும்.