திருவக்கரைக்குத் தை மாதம் போங்கள்

திருவக்கரையில் ஒன்றுமில்லை, வெறும் கல் என்று சொல்கிறவர்களை எந்த மாதம் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மே மாதம் என்பார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சென்னைச் சொந்தக்காரர்கள் திண்டிவனத்துக்கு வருவார்கள். வந்த மறுநாளே எங்கேயாவது போகலாம் என்று கிளம்பி, உச்சி வெயிலில் கல்மரப் பூங்கா வாசலில் இறங்கி, கால் மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்த ஊரைப் பற்றி இதே பேச்சுதான். திண்டிவனத்தில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் பக்கத்தை இப்படிப் பேசினால் எனக்குப் பொறுக்காது. அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அங்கே கிடப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நின்ற மரங்கள் அவை. பெருவெள்ளம் அடித்து வந்து மணலுக்குள் புதைத்துவிட்டது. காற்றுப் புகாததால் மரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, நார் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. வளையம், கணு எல்லாம் அப்படியே இருக்கின்றன, தட்டினால் கல். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் கிடப்பதால், இவை வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தோடு வந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-லேயே இவற்றைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். சுமார் 200 மரங்கள், சில 15 மீட்டர் நீளம் வரை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் 247 ஏக்கர் இருக்கிறது. நாம் சுற்றிப் பார்ப்பது அதில் ஒரு சிறு பகுதி. புளி, ஆமணக்கு இவற்றின் குடும்பத்து மரங்களும் உண்டு, ஊசியிலை வகையும் உண்டு. இவை கிடக்கும் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும் அதே மணற்கல்தான்.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு நாள் வண்டி வாடகைக்குள் அடக்கப் பார்த்தார்கள் எங்கள் வீட்டில். எல்லாக் கஷ்டமும் அங்கிருந்துதான் தொடங்கியது.

அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சென்னையிலேயே ஒரு டெம்போ டிராவலர் பேசிக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு, இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு. கொடுத்த காசுக்கு முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் நியாயம். காலையில் செஞ்சிக் கோட்டை, பிற்பகல் கல்மரப் பூங்கா, சாயங்காலம் மயிலம், ராத்திரி திருவக்கரை வக்கிரகாளி கோயிலில் பௌர்ணமி ஜோதி என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சித்ரா பௌர்ணமி. "மாமா, இது சித்திரை வெயில், அப்பாவை வைத்துக்கொண்டு முடியாது. செஞ்சியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், கல்மரத்துக்கு விடியற்காலையில் போகலாம்" என்று நான் சொன்னேன். அக்கா சாட்சி. "ஏம்மா, பக்கத்திலேயே இருக்கிற உனக்கு இது சாதாரணம். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை" என்றார். செஞ்சியில் ராஜகிரி மலை 800 அடி உயரம், படியேறவே பாதிப் பகல் போய்விடும் என்றேன். அதுவும் எடுபடவில்லை.

சொன்னபடியே ஆனது. கோட்டையை விட்டுக் கிளம்பும்போதே மதியம் ஆகிவிட்டது. வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் பூங்கா மூடிவிடும் என்று பிஸ்கட்டோடு ஓட்டினார்கள். பூங்காவில் இறங்கியபோது உச்சி வெயில் கொஞ்சமும் தணியவில்லை. அந்த நிலம் செம்மண்ணும் சரளையும். மேலேயிருந்து அடிக்கும் வெயில் ஒரு பங்கு என்றால் கீழேயிருந்து எழும் அனல் இன்னொரு பங்கு. கல்மரங்களின் மேல் கை வைக்க முடியவில்லை. அப்பா ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை எடுப்பவர். அந்த மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் இறக்கிவிடும்; வெயிலில் சீக்கிரம் வறண்டுபோகும். வண்டியில் தண்ணீர் கேட்டால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்குமே என்று அவர் குடிக்காமலே வந்திருக்கிறார். மாப்பிள்ளைக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதாம்.

நடைபாதையில் கொஞ்ச தூரம் போவதற்குள் தலை சுற்றுகிறது என்றார். வியர்வை நின்றுபோய் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே சரிந்தார். நானும் அக்காவும் தாங்கிப் பிடித்தோம். வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடிவந்தார். "பெரியவர இந்த வெயில்ல இஸ்துகினு வந்துட்டீங்களேம்மா" என்று திட்டிக்கொண்டே, தூக்குச் சட்டியில் வைத்திருந்த கூழைக் கரைத்து உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். முந்தானையை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். டிரைவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. அவர் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், சலைன் ஏற்றி, இரண்டு நாள் படுக்கையில் வைத்து அனுப்பினார்கள். கல்மரத்தையும் யாரும் பார்க்கவில்லை, ஜோதியையும் பார்க்கவில்லை. மிச்சம் பிடித்த வாடகை ஆஸ்பத்திரியில் பல மடங்காகப் போனது.

எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு வந்த பேச்சு. "நீ சொன்ன இடம்தானேம்மா அது" என்றார் மாமா. இல்லை. நான் சொன்ன இடம் அது, நான் சொன்ன மாதம் அதுவல்ல. ஒரு இடத்துக்கு அதன் மாதமும் நேரமும் சேர்ந்துதான் இடம்.

நான் சொன்ன மாதம் மார்கழிக் கடைசி அல்லது தை. அப்பாவை அடுத்த தையில் நானே கூட்டிப்போனேன். திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். ஏறாத வெயில் சாய்வாக விழும்போதுதான் மரத்தின் வரிகள் நிழலோடு எழுந்து தெரியும். உச்சியில் எல்லாம் தட்டையாகி, ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வெறும் கல் என்று சொல்கிறவர்கள் பார்த்தது அந்தத் தட்டையைத்தான். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். அறுபட்ட முகம் உள்ள கட்டையாகத் தேடி உட்காருங்கள், வளையங்களை எண்ணுங்கள். கணு இருக்கும் இடத்தில் வரி வளைந்து போவதைப் பார்க்கலாம். எல்லா மரத்தையும் பார்க்க வேண்டியதில்லை, நாலைந்து போதும். அப்பா தச்சு வேலை தெரிந்தவர். ஒரு கட்டையை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "இது இழைச்சா சுருண்டு வரும் பாப்பா, நல்ல சாதி" என்றார். நானும் அவரும் அங்கே செலவழித்த காலைப்பொழுதை எந்த டிராவல்ஸ் தாளிலும் எழுத முடியாது. தண்ணீர், மோர், தொப்பி, ஒரு பழைய துண்டு நீங்களே கொண்டுபோங்கள். உள்ளே ஏதாவது கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள், தையாக இருந்தாலும்.

வக்கிரகாளி கோயிலை அதே நாளில் சேர்க்கலாமா என்றால், பௌர்ணமி அமாவாசை இல்லாத நாளாக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பூங்காவை முடித்துவிட்டு நடை சாத்துவதற்குள் போய்விடலாம். பௌர்ணமி நள்ளிரவு 12 மணிக்கும் அமாவாசை பகல் 12 மணிக்கும் ஜோதி காட்டுவார்கள். அந்த நாட்களில் விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரியிலிருந்து ஜனம் வந்து நிற்க இடம் இருக்காது. வேண்டுதல் உள்ளவர்கள் அன்றைக்குத்தான் போக வேண்டும், போங்கள். ஆனால் அதை மட்டும் செய்யுங்கள். பகலெல்லாம் வீட்டில் தூங்கிவிட்டு, ராத்திரிக்குப் பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள். சிற்பமும் கட்டுமானமும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சாதாரண நாள்தான் சரி. அங்கே மூலவர் சந்திரமௌலீஸ்வரர் மூன்று முகம் உள்ள லிங்கம். அதைக் கூட்டத்தில் முட்டிக்கொண்டு பார்க்க முடியாது. சம்பந்தர் பாடிய தலம், செம்பியன் மாதேவி கற்றளி எடுப்பித்த இடம். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் விலகி விலகி இருப்பதைப் பிள்ளைகளையே நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் கயிறு பிடித்துப் பார்த்தார்கள்.

மழைக்காலம் இன்னொரு தனிக் கதை. சங்கராபரணி வருஷத்தில் பாதிக்கு மேல் மணலாகக் கிடக்கும் ஆறு. வீடூர் அணை அதன் முழு உயரமான 32 அடிக்கு நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டால் திருவக்கரையை ஒட்டித் தண்ணீர் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம்தான். கரையில் நின்று பாருங்கள், இறங்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. இந்த ஆறு எப்படிப் பொங்கும் என்று அன்றைக்கு எல்லாரும் கண்டார்கள். அணை திறக்கும் எச்சரிக்கை வந்த நாளில் ரீல்ஸ் எடுக்க வண்டியைத் திருப்பாதீர்கள். 2 கோடி வருஷத்துக்கு முன் அந்த அடிமரங்களைப் புரட்டிக்கொண்டு வந்ததும் ஒரு வெள்ளம்தான் என்பதைப் பெருக்கெடுத்த சங்கராபரணியைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அதனால் நான் முதலில் மழைக்குப் பிந்திய ஆற்றைக் காட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கல்மரத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

தையில் மிச்சம் இருக்கும் நாட்களில் கழுவெளி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தச் சதுப்பை 2021 டிசம்பரில்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து. பைனாகுலர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், விடிவதற்கு முன் கிளம்புங்கள், அவ்வளவுதான். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன், செஞ்சி ரங்கநாதர் என்று நம் பக்கத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொள்ளத் தெம்பு இருந்தால் போங்கள். பங்குனியில் புங்கமரம் தளிர்விடும்போது மயிலம் மலை. செஞ்சியும் மார்கழி, தைக்கே உரியது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. அதற்கென்று முழுசாக ஒரு நாள் கொடுங்கள்.

ஜப்பானில் செர்ரி எப்போது பூக்கும் என்று தெற்கிலிருந்து வடக்காக ஊர் ஊராக முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஜனங்கள் அதைப் பார்த்து லீவு போடுவார்கள். பூக்கும் மரத்தை மட்டுமல்ல, புதைந்த மரத்தையும் அங்கே மதிக்கிறார்கள். அந்த நாட்டின் சென்டாய் நகரில், டோமிசாவா என்ற இடத்தில் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டும்போது சுமார் 20,000 ஆண்டுப் பழைய காட்டின் அடிமரங்களும் மனிதர் நெருப்பு மூட்டிய தடமும் கிடைத்தன. அந்த இடத்தின் மேலேயே அருங்காட்சியகம் கட்டி 1996-ல் திறந்தார்கள். கிடைத்த காடு கிடைத்த இடத்திலேயே கூரைக்கு அடியில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அதைப்போல ஆயிரம் மடங்கு பழையது. சுற்று வட்டாரத்தில் கல் உடைக்கிறார்கள், ஜல்லி லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன, பூங்காவுக்குள் வயசானவர்கள் உட்கார இன்னும் நிழல் வேண்டும். இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். வெறும் கல் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் யார் செய்வார்கள்?

பிள்ளைகள் சின்னச் சின்னத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுவார்கள். விடாதீர்கள், அது குற்றம். அமெரிக்காவின் அரிசோனாவில் இதேபோல ஒரு கல்மரக் காடு இருக்கிறது. எடுத்துப்போனவர்கள் வருஷக் கணக்கில் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம். அனுப்பினாலும் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாமல் போவதால், அதைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் பூங்கா வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

லீவு மே மாதம்தானே கிடைக்கிறது என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். அரையாண்டு விடுமுறை மார்கழியில்தான் வருகிறது, பொங்கல் விடுமுறை தையில். திண்டிவனத்துக்கு ரயில் இருக்கிறது, மயிலம் வழியாகப் பஸ் இருக்கிறது, பக்கத்திலேயே நாங்கள் இருக்கிறோம். முந்தின ராத்திரியே வந்து தங்கினால் விடியலில் கிளம்பிவிடலாம். டெம்போ டிராவலரே வேண்டாம். மாமா இந்த வருஷமும் மே மாதம்தான் தோது என்று போன் செய்தார். வீட்டுக்கு வாருங்கள், நுங்கும் தர்பூசணியும் வாங்கி வைக்கிறேன், வெயில் தாழ்ந்ததும் மரக்காணம் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன், திருவக்கரை மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.